ஈத்0 எங்கே போனது? தொலைவில் இருக்கும் சர்வரும் மாறிப்போகும் பெயர்களும்

வாசகர் ஒருவரின் கேள்வி: 2025 அக்டோபர் 5, ஞாயிறு, மாலை 6.10

டெபியன் என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பில் ஓடும் நான்கு சர்வர்களை 13-க்கு மாற்றப்போகிறேன். ஈத்0, ஈத்1 என்று அழகாக இருந்த நெட்வொர்க் போர்ட் பெயர்களை எடுத்துவிட்டு, வாயில் நுழையாத பெயர்களை வைத்ததால் யாருக்கு என்ன லாபம்? லினக்ஸின் மையமான கர்னலுக்கு எழும்போது கொடுக்கும் வரியில் நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று போட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிடுவதுதான் ஒரே வழி என்கிறேன். மறுப்பவர் உண்டா?

அக்டோபர் 5, இரவு 9.40

மறுக்கிறேன். ஆனால் ஐந்து நாட்களுக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்துகொண்டிருப்பேன். ஆயுத பூஜை இரவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். எங்கள் நிறுவனத்தின் கிடங்கு தூத்துக்குடியில். இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கிடங்கில் ஒரே ஒரு சர்வர்: இணைய இணைப்பு, தலைமை அலுவலகத்துக்கு விபிஎன் (இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு), உள்ளே இருக்கும் கணினிகளுக்கு முகவரி கொடுப்பது, எல்லாம் அதன் வேலை. ஆயுத பூஜைக்கும் மறுநாளும் கிடங்கு மூடியிருக்கும். ஆண்டில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை கிடைக்கும்? அக்டோபர் 1 இரவு 11 மணிக்கு தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் 12-இலிருந்து 13-க்கு மாற்றினேன். பொதிகள் எல்லாம் ஒழுங்காக இறங்கின. ஒரு பிழைகூட இல்லை. 12.15-க்கு மறுதொடக்கம் கொடுத்தேன்.

சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பதில் இல்லை. அந்தக் காத்திருப்பை இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள் ஏதோ இறுகும். இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம், டிஸ்க் சரிபார்ப்பு நடக்கிறதோ என்னவோ என்று மனம் தானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போகும்.

12.40-க்குக் காவலர் அண்ணாச்சியை எழுப்பினேன். அறுபதைத் தாண்டியவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் பல ஆண்டுகளாக வாசலில் லாரிகளின் எண்களைப் பதிவேட்டில் எழுதி வருபவர். ஆங்கில எழுத்தும் எண்ணும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்வர் அறைக்குப் போய், திரையை இயக்கி, மேசை இழுப்பறையில் கிடந்த கீபோர்டைச் செருகினார். பெட்டியின் நெற்றியில் அன்று காலை வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் காயவில்லை என்றார்.

"தம்பி, கடவுச்சொல்லை அடிக்கிறேன், எழுத்தே விழவில்லை" என்றார். விழாது அண்ணாச்சி, கண்ணுக்குத் தெரியாமல்தான் போகும், அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள் என்றேன். இரண்டாவது முயற்சியில் உள்ளே போனார். போர்ட்டுகளைப் பட்டியலிடும் ஐபி லிங்க் என்ற கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வந்ததை அவர் லாரி எண் வாசிப்பதுபோல வாசித்தார். "இ, என், பி, மூன்று, மூன்று, எஸ், சைபர், எஃப், சைபர், என், பி, சைபர்." ஓ எழுத்தா, சைபரா என்று கேட்டேன். "நடுவில் கோடு போட்ட முட்டை, சைபர்தான்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாலைவரை அந்தப் போர்ட்டின் பெயர் இஎன்பி33எஸ்0எஃப்0. இப்போது அதன் வாலில் என்பி0 என்று மூன்று எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு போர்ட்டுக்கும் அதே கதை, வால் மட்டும் என்பி1. அமைவுக் கோப்பிலோ பழைய பெயர். அந்தப் பெயரில் போர்ட்டே இல்லாததால் எதற்கும் முகவரி ஏறவில்லை. சர்வர் உயிரோடு, நலமாக, யாருடனும் பேச முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

கோப்பைத் திருத்தச் சொல்வது நடக்காத காரியம். அதனால் மூன்றே வரிகள். இரண்டு போர்ட்டுகளுக்கும் பழைய பெயரைத் தற்காலிகமாகத் திருப்பி வைக்க இரண்டு ஐபி லிங்க் கட்டளைகள், பிறகு எல்லாவற்றையும் எழுப்ப இஃப்அப். ஒவ்வொரு வரியையும் அடித்த பிறகு என்டரைத் தட்டும் முன் எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினார். 1.25-க்குப் பிங் திரும்பியது. தொலைபேசியில் நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்... வேண்டாம், நேரமாகிவிட்டது. நாளை.

அக்டோபர் 5, இரவு 10.05

அதற்குள் இருவர் கேட்டுவிட்டார்கள்: ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கின், கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லலாமா என்று. சொல்லக் கூடாது. சொன்னேன். இணைப்பு திரும்பிய உடன் முதல் வேலையாக அதை மாற்றினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி இல்லை.

வேறு வழி இருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பெட்டியில் பிஎம்சி இருக்கிறது. அதாவது முதன்மை அமைப்பு செத்துக்கிடந்தாலும் தனிப் போர்ட் வழியாகத் திரையையும் கீபோர்டையும் தொலைவிலிருந்து கையாளும் வசதி. பெட்டி வந்த நாள் முதல் அந்தப் போர்ட்டில் கேபிள் செருகப்படவில்லை. ஸ்விட்ச்சில் இடம் காலி இல்லை என்பதுதான் காரணம். எட்டுப் போர்ட் ஸ்விட்ச் ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தால் அண்ணாச்சி உறங்கியிருப்பார்.

அக்டோபர் 6, திங்கள், இரவு 8.30

நேற்றைய கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது. முதல் பாகத்தைவிட இதுதான் என்னை அதிகம் சுட்டது.

அன்று இரவு இணைப்பு திரும்பியதும், அமைவுக் கோப்பைத் திறந்து, பழைய பெயர் இருந்த இடத்திலெல்லாம் புதிய பெயரைப் போட்டேன். தேடு, மாற்று, சேமி. அத்தோடு படுத்துவிட்டேன். மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்க்கவில்லை. அண்ணாச்சியை மறுபடி நிற்கவைக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிடங்கில் மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு மாறும்போது யுபிஎஸ் கைவிட்டது. சர்வர் தானே அணைந்து தானே எழுந்தது. இணையம் வந்தது, விபிஎன் வந்தது, அலுவலகக் கணினிகள் வந்தன. எடைமேடைக் கணினி மட்டும் வரவில்லை. அது விலேன் 100-இல், அதாவது அதே போர்ட்டின் மேல் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. ஒன்பது லாரிகள் எடை போட முடியாமல் வாசலில் நின்றன.

காரணத்தைப் பாருங்கள். லினக்ஸ் கர்னல் ஒரு நெட்வொர்க் இடைமுகத்தின் (போர்ட், விலேன் போன்றவை) பெயருக்கு 16 பைட் ஒதுக்குகிறது. முடிவுக்குறிக்கு ஒன்று போக, 15 எழுத்து. பழைய பெயர் ஆங்கிலத்தில் 9 எழுத்து. விலேனின் பெயருக்காக அதோடு புள்ளியும் 100-உம் சேர்ந்தால் 13. இடம் இருந்தது. புதிய பெயர் 12 எழுத்து. புள்ளியும் 100-உம் சேர்ந்தால் 16. ஓர் எழுத்து கூடுதல். பெயர் செல்லாது என்று சொல்லிவிட்டு அமைப்பு அந்த விலேனைக் கைவிட்டுவிட்டது. பெட்டியின் மற்ற எல்லாம் ஓடுகிறது, அதனால் கண்காணிப்புத் திரையிலும் பச்சை.

விலேனுக்கு அம்மாப் போர்ட்டின் பெயரை ஒட்டவைக்காமல், விலேன்100 என்று நேராகப் பெயரிட்டு, எந்தப் போர்ட்டின் மேல் உட்கார வேண்டும் என்பதைத் தனி வரியில் எழுதியதும் சரியாயிற்று. இரண்டு நிமிட வேலை. கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம். லாரி ஓட்டுநர்கள் வெயிலில் நின்ற நேரம் அது.

ஒன்று மட்டும் இதில் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் அமைவுக் கோப்பைத் திருத்திவிட்டு, மறுதொடக்கம் செய்து பார்க்காமல் விட்டால், வேலை முடியவில்லை. முடிந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 6, இரவு 8.50

டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பில் இது எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். உண்மை. இடைமுகப் பெயர்கள் மாறக்கூடும், தொலைவில் இருக்கும் பெட்டியென்றால் முன்கூட்டியே கவனியுங்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது. நான் சேமிப்பிடம் பற்றிய பகுதியையும் தரவுத்தளம் பற்றிய பகுதியையும் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போனேன். இனி முழுதாகப் படிப்பேன்.

அக்டோபர் 8, புதன், இரவு 10.15

இப்போது நெட்.இஃப்நேம்ஸ்=0. பழைய முறை நன்றாக இருந்தது என்கிறார் கேள்வி கேட்டவர். ஒரே போர்ட் இருக்கும் பெட்டியில் நன்றாகத்தான் இருந்தது. வாடகை மெய்நிகர் சர்வர்களில் இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள், தவறில்லை.

இரண்டு போர்ட் வந்ததும் கதை மாறும். கர்னல் எந்த நெட்வொர்க் கார்டை முதலில் கண்டதோ அதற்கு ஈத்0, அடுத்ததற்கு ஈத்1. முதலில் காண்பது எது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கார்டுகளை இயக்கும் மென்பொருள்களான இயக்கிகள் ஏறும் வரிசை மாறினால் பெயரும் மாறும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது, ஒரு ஃபயர்வால் பெட்டியில் வெவ்வேறு வகைக் கார்டுகள் இரண்டு. ஒன்று இணையத்துக்கு, ஒன்று உள்ளே. கர்னலைப் புதுப்பித்து எழுப்பியபோது இரண்டும் இடம் மாறின. உள்ளே இருப்பவர்களை நம்பு என்று எழுதிய விதி வெளியே இருப்பவர்களை நம்ப ஆரம்பித்தது. எங்கள் நல்ல காலம், முகவரிகளும் இடம் மாறியதால் எதுவுமே ஓடவில்லை. அதனால் உடனே தெரிந்தது. பாதி ஓடியிருந்தால்?

அதைத் தடுக்கப் பிறகு யூடெவ், அதாவது லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் சேவை, ஒரு கோப்பு வைத்தது. முதன்முறை கண்ட கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய எண்) எழுதிவைத்து, அடுத்த முறை அதே பெயரைக் கொடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் மெய்நிகர் சர்வரைப் பிரதி எடுத்தால் பிரதிக்குப் புது மேக் முகவரி வரும், கோப்பிலோ பழையது ஈத்0 இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிரதி ஈத்1 ஆக எழும். அந்தக் காலத்தில் பிரதி எடுத்தவுடன் அந்தக் கோப்பை அழிப்பது எனக்குக் கை தானே செய்யும் வேலையாகிவிட்டது.

2013 ஜனவரியில், லினக்ஸ் எழுவதையும் சேவைகளையும் கவனிக்கும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு வந்தபோது இதற்கு மாற்று வைத்தார்கள். கார்டு எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பெயர். தாய்ப்பலகையிலேயே இருந்தால் இஎன்ஓ, செருகுமிடத்துக்கு எண் தெரிந்தால் இஎன்எஸ், அதுவும் இல்லையென்றால் கார்டு தாய்ப்பலகையோடு இணையும் பிசிஐ பாதையை வைத்து இஎன்பி. டெபியனில் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதல் புது நிறுவல்களில் இதுவே வழக்கம். கார்டு பழுதாகி, அதே இடத்தில் வேறொன்றைச் செருகினால் பெயர் மாறாது. நோக்கம் நேர்மையானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே பழைய முறைக்குத் திரும்புவது, ஒரு குழியிலிருந்து ஏறி, முன்பு விழுந்த குழியிலேயே இறங்குவது.

அக்டோபர் 9, வியாழன், காலை 7.20

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். புதிய முறைக்கு வக்காலத்து வாங்கியதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. முன்கூட்டியே கணிக்கக்கூடிய பெயர்கள் என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். என் பெட்டியில் கார்டு மாறவில்லை, இடம் மாறவில்லை, யாரும் திருகாணியைக்கூடத் தொடவில்லை. மென்பொருள் மட்டும் புதிதாயிற்று, பெயர் மாறியது. சில வகைக் கார்டுகளின் இயக்கிகள் புதிய கர்னலில் போர்ட்டின் பெயரையும் சொல்லத் தொடங்கியதால் அந்த வால் ஒட்டிக்கொள்கிறது. காரணம் புரிகிறது. நள்ளிரவில் எழுப்பப்பட்ட ஒரு முதியவருக்கு அந்தக் காரணம் பதிலாகாது.

அக்டோபர் 12, ஞாயிறு, பிற்பகல் 3.00

பெயரை நாமே வைத்துவிடுவதுதான் என் முடிவு. இஎன்பி-யும் வேண்டாம், ஈத்-உம் வேண்டாம். சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் போர்ட்டுக்கு ஒரு .லிங்க் கோப்பு. அதில் இரண்டே செய்தி: இந்த மேக் முகவரி உள்ள போர்ட், இதன் பெயர் இது. நான் லேன்0, வேன்0 என்று வைக்கிறேன். ஈத்0 என்றே வைக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். கர்னல் எழும்போது தற்காலிகமாக அந்தப் பெயர்களைத்தான் கொடுக்கிறது. ஒரே பெயருக்கு இருவர் போட்டியிடுவார்கள்.

சுருக்கமான பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு. லேன்0 ஆங்கிலத்தில் 4 எழுத்து. 15-க்குள் எந்த விலேன் எண்ணையும் ஒட்டலாம்.

கோப்பை எழுதியதும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். எழும்போது முதலில் ஏறும் சிறு தற்காலிக அமைப்புக்குள்ளும் இந்தக் கோப்பின் பிரதி போக வேண்டும். இல்லையென்றால் பழைய பெயரே ஒட்டிக்கொள்ளலாம். பிறகு அமைவுக் கோப்பு, ஃபயர்வால் விதிகள், முகவரி கொடுக்கும் சேவை, கண்காணிப்பு ஏஜெண்ட் ஆகிய எல்லாவற்றிலும் பழைய பெயரைத் தேடி மாற்றுங்கள். எனக்கு ஏழு இடங்களில் இருந்தது. ஏழாவது ஒரு காப்புப்படி ஸ்கிரிப்டுக்குள், எவரோ எப்போதோ எழுதியது.

அக்டோபர் 12, மாலை 5.45

திருத்தம். மேக் முகவரி என்று பொதுவாக எழுதிவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஜூன் மாதம் சேர்ந்த பெண் இதைப் படித்துவிட்டு, "அண்ணா, பிரிட்ஜும் (போர்ட்டுகளை இணைக்கும் மென்பொருள் பாலம்) விலேனும் அதே மேக் முகவரியைத்தானே கடன் வாங்கும்? அவற்றுக்கும் லேன்0 என்று பெயர் வைக்கப் பார்க்காதா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்காகவே நிரந்தர மேக் முகவரியை மட்டும் பார்க்கும் தனி விதி இருக்கிறது, பெர்மனெண்ட்மேக்அட்ரஸ் என்று. அது கார்டில் பொறிக்கப்பட்டதை மட்டுமே பார்க்கும். அதைப் பயன்படுத்துங்கள். முந்தைய குறிப்பை அப்படியே விட்டுவைக்கிறேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கார்டையே மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்டாள். கோப்பு பொருந்தாது, அமைப்பு தான் நினைத்த பெயரைக் கொடுக்கும், இணைப்பு போகும். ஆனால் கார்டை மாற்றும்போது ஓர் ஆள் பெட்டியின் முன்னால் நிற்கிறார். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது யாரும் நிற்பதில்லை. எனக்கு அந்த வேறுபாடு போதும்.

அக்டோபர் 14, செவ்வாய், இரவு 9.10

"பெரிய பதிப்பு மாற்றத்தில்தான் இந்தச் சிக்கல், மற்றபடி பெயர் நிலையானது" என்கிறார் ஒருவர். இல்லை. கடந்த மார்ச்சில் கோயம்புத்தூர் சர்வர் ஒன்றில் பிசிஐ வழியே இணையும் என்விஎம்இ டிஸ்க் ஒன்றைச் சேர்த்தோம். நெட்வொர்க்குக்கும் டிஸ்க்குக்கும் என்ன உறவு? பிசிஐ பஸ் எண்கள் ஒன்று தள்ளிப்போயின. இஎன்பி3எஸ்0 எழும்போது இஎன்பி4எஸ்0. நான் பக்கத்திலேயே இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது, அதனாலேயே அதைப் பெரிதாக நினைக்காமல் மறந்தும் போனேன். அன்றே எல்லாப் பெட்டிகளுக்கும் பெயர் வைத்திருந்தால் ஆயுத பூஜை இரவு வந்திருக்காது.

அக்டோபர் 15, புதன், காலை 6.50

ரௌட்டர் வேலை பார்ப்பவர் ஒருவர், "ரீலோட் இன் 10" பழக்கத்தை நினைவூட்டியிருக்கிறார். தொலைவில் இருக்கும் ரௌட்டரில் கை வைக்கும் முன், பத்து நிமிடத்தில் தானே மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடுவோம். மாற்றம் தவறாகி வெளியே மாட்டிக்கொண்டால், அது எழுந்து பழைய அமைவுக்குத் திரும்பும். நல்லதென்றால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமிப்போம். லினக்ஸில் உபுண்டுக்காரர்களுக்கு நெட்பிளான் டிரை என்ற கட்டளை இருக்கிறது, 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பின்வாங்கும்.

அருமையான பழக்கம். ஆனால் என் சிக்கலுக்கு உதவாது. இங்கே மறுதொடக்கம்தான் பெயரை மாற்றுகிறது. எத்தனை முறை எழுந்தாலும் புதுப் பெயரோடுதான் எழும்.

அக்டோபர் 19, ஞாயிறு, இரவு 7.00

தீபாவளிக்கு முந்தைய நாள். எந்தச் சர்வரையும் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை. அண்ணாச்சிக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து இனிப்பும் வேட்டி சட்டையும் அனுப்பினோம். எட்டுப் போர்ட் ஸ்விட்ச்சும் அதே பார்சலில் போனது.

நவம்பர் 2, ஞாயிறு, இரவு 11.50

தூத்துக்குடிப் பெட்டியில் லேன்0, வேன்0 இரண்டுக்கும் .லிங்க் கோப்பு எழுதி, ஏழு இடங்களையும் திருத்தி, இன்று இரவு 11.20-க்கு மறுதொடக்கம் கொடுத்தேன். பிஎம்சி கேபிள் செருகியாயிற்று. அதற்கான பாதையும் முதன்மைச் சர்வரை நம்பாமல், மொபைல் இணைப்பு உள்ள சிறு ரௌட்டர் வழியாகத் தனியாக வருகிறது. முதன்முறையாக என் மேசையிலிருந்தே பெட்டி எழுவதைத் திரையில் வரிவரியாகப் பார்த்தேன்.

நான்காவது நிமிடம் பிங் வந்தது. விலேன்100 வந்தது. எடைமேடைக் கணினி பதில் சொன்னது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை மறுதொடக்கம் செய்தேன். மறுபடியும் எல்லாம் அதே பெயரில்.

இன்று அழைக்க மாட்டேன் என்று அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவரே அழைத்தார். "தம்பி, விளக்கு இரண்டும் பச்சையாக எரிகிறது. நான் போய்ப் படுக்கலாமா?" படுங்கள் அண்ணாச்சி என்றேன்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் நான்கு பெட்டிகளில் எவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள். 12-இல் இருக்கும்போதே பெயரை வைத்து, ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு 13-க்குப் போங்கள். எங்களுக்கு அடுத்தது ஈரோட்டுச் சர்வர். அதில் ஒரே போர்ட்தான். இருந்தாலும் பிஎம்சி கேபிளைச் செருகிய பிறகுதான் தொடுவேன்.